போதும் என்று பெயர் பெற்றவர்கள்



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குடும்பத்தார் திருமண ஓலை கொடுக்கப் போதகர் மனைக்கு வந்திருந்தனர். மணமகளின் குடும்பம் நம் சபைக்குப் புதியது. படிவத்தை நிரப்பி முடித்தபின் பெற்றோர் வெளியே சென்றனர்; மணமகள் மட்டும் வாசலில் தயங்கி நின்றாள். "ஐயா, மூணு ஞாயித்துக்கிழமையும் என் பேரை வாசிக்கணுமா?" என்று கேட்டாள். "ஆமாம்மா, அதுதான் முறை" என்றேன். "அப்படின்னா கொஞ்சம் மெதுவா வாசிங்க ஐயா" என்றாள்.

படிவத்தைப் பார்த்தேன். போதும்பொண்ணு என்று எழுதியிருந்தது. ஆசிரியப் பயிற்சி முடித்தவள்; நாற்பது பிள்ளைகளுக்கு முன் நின்று பாடம் நடத்துகிறவள். ஆயினும், தேவனுடைய ஆலயத்தில் தன் பெயர் உரக்க ஒலிக்கக் கூடாதென்று விரும்பினாள்.

நான்கு பெண்களில் அவள் நான்காமவள். அவளுக்குப் பின் பிறந்தது ஆண். அத்துடன் தாய்க்கு அறுவைச் சிகிச்சை நடந்தது. "எனக்கு அப்புறம் தம்பி பிறந்ததால, ராசியான பேருன்னு எல்லாரும் சொல்லுவாங்க ஐயா" என்று சொல்லிச் சிரிக்க முயன்றாள். அந்தச் சிரிப்பு என்னைப் பல நாள் உறங்க விடவில்லை. எத்தனை பிள்ளைகள் வேண்டும், எப்போது வேண்டும், யார் வேண்டும் என்று பெற்றோர் எடுக்கும் முடிவு அவர்களோடு முடிந்துவிடுவதில்லை. பிறந்த பிள்ளை அதை வாழ்நாளெல்லாம் சுமக்க நேரிடலாம். இந்த வாரம் அந்தச் சுமையின் வரலாற்றை உங்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறேன்.

முதலில் நம் முன்னோர் இட்ட பெயர்களைப் பார்ப்போம். குப்பன், குப்பம்மாள், பிச்சை, பிச்சையம்மாள் என்ற பெயர்கள் நம் பாட்டன் தலைமுறையில் ஊருக்கு நாலு பேருக்கு இருந்தன. இன்றைய பிள்ளைகள் இவற்றைக் கேட்டால் நகைப்பார்கள். ஆனால் இவற்றின் பின்னால் இருந்தது வெறுப்பன்று. முன் பிறந்த பிள்ளைகள் ஒன்றன்பின் ஒன்றாக இறந்துபோன வீட்டில் அடுத்த பிள்ளை பிறந்ததும் அதைக் குப்பையில் கிடத்தி எடுப்பார்கள். அல்லது மடியேந்திப் பிச்சை கேட்டதுபோல் வாங்கிக்கொள்வார்கள். மதிப்பற்றது என்று எண்ணி மரணம் இதை விட்டுப்போகட்டும் என்பது அவர்களுடைய நம்பிக்கை. அந்த நம்பிக்கையை நாம் ஏற்பதில்லை. ஆயினும் அந்தப் பெயருக்குள் இருந்த அன்பை மறுக்க இயலாது. "நீ பிழைக்க வேண்டுமென்று நாங்கள் என்ன பாடுபட்டோம் தெரியுமா?" என்ற கதையைக் கேட்டு வளர்ந்த குப்பம்மாள் தன் பெயரால் குன்றிப்போனதில்லை.

பெயரின் அகராதிப் பொருளை மட்டும் பிள்ளை கேட்பதில்லை என்பதை இதனால் அறிகிறோம். அந்தப் பெயர் எதற்காக இடப்பட்டது என்ற கதையையும் பிள்ளை கேட்கிறது. குப்பம்மாளின் கதையில் அவளே நாயகி. போதும்பொண்ணுவின் கதையிலோ நாயகன் இன்னும் பிறக்காத தம்பி. மதுரை வட்டாரத்தில் போதும்பொண்ணு, திருத்தணி வட்டாரத்தில் வேண்டாம் என்று பெண்பிள்ளைகளுக்குப் பெயரிடும் வழக்கம் நம் காலம்வரை இருந்திருக்கிறது. மகாராட்டிரத்தில் இதற்கு இணையான பெயர் நகுஷா. மராத்தியில் வேண்டாதவள் என்று பொருள். இப்படிப் பெயரிட்டால் அடுத்தது ஆணாகப் பிறக்கும் என்ற எதிர்பார்ப்பே இவை அனைத்துக்கும் அடிப்படை.

பிரியமானவர்களே, இதைக் கல்லாதோரின் மூடவழக்கம் என்று சொல்லி நாம் விலகிக்கொள்ள வேண்டாம். கற்றவர்களும் பிள்ளைகளுக்குப் பெயர் சூட்டியிருக்கிறார்கள். விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1951-ல் நடந்தது. அப்போது நாட்டின் மக்கள்தொகை ஏறத்தாழ 36 கோடி. அந்தக் கணக்கெடுப்பின் ஆணையர் ஆர். ஏ. கோபாலசுவாமி, ஏற்கெனவே மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட பிள்ளைகளைப் பெற்ற தாய்க்கு மேலும் ஒரு பிள்ளை பிறப்பதைக் குறிக்கத் தம் அறிக்கையில் ஒரு தொடரை உருவாக்கினார். தமிழில் அதை முன்யோசனையற்ற தாய்மை எனலாம். அவருடைய கவலை உண்மையானது. பஞ்சத்தைக் கண்ணால் கண்ட தலைமுறை அது; உணவு உற்பத்தி மக்கள் பெருக்கத்திற்கு ஈடுகொடுக்குமா என்ற அச்சத்தில் எழுதினார். ஆனாலும் அந்தத் தொடரை நான்காம் பிள்ளையின் இடத்தில் இருந்து ஒருமுறை வாசித்துப் பாருங்கள். குற்றம் தாயின்மேல் சுமத்தப்பட்டிருக்கிறது. குற்றத்தின் அடையாளமாக நிற்பது பிள்ளை.

1952-ல் இந்தியா குடும்பக் கட்டுப்பாட்டை அரசின் திட்டமாக ஏற்றது. உலகில் இதை முதலில் செய்த நாடு நம்முடையதே. 1950-களிலேயே சென்னை மாகாணம், அறுவைச் சிகிச்சைக்கு முன்வரும் ஏழைகளுக்குச் சிறு தொகை வழங்கி இதில் முன்னோடியாயிற்று. 1960-களின் இறுதியில் தலைகீழான சிவப்பு முக்கோணம் சுவர்களிலும் சுகாதார நிலையங்களிலும் இடம்பெற்றது. இரண்டோ மூன்றோ போதும் என்றும், அடுத்தது இப்போது வேண்டாம், மூன்றுக்குப் பின் எப்போதுமே வேண்டாம் என்றும் பொருள்படும் முழக்கங்கள் நாடெங்கும் பரவின. பின்னர் "நாம் இருவர், நமக்கு இருவர்" என்பது லாரிகளின் பின்புறத்தில் எழுதப்பட்டு ஊர் ஊராகச் சென்றது. உங்களில் பலர் அதை எழுத்துக்கூட்டியே தமிழ் படித்திருப்பீர்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். அரசு பலகையில் எழுதிய சொற்கள் போதும், வேண்டாம் என்பவை. பாட்டிமார் பேத்திகளுக்கு இட்ட பெயர்களும் அவையே. அரசு குறித்தது எண்ணிக்கையை. வீடு குறித்தது பெண்ணை. இரண்டும் ஒன்றல்ல என்பதைப் பெரியவர்கள் அறிவார்கள். இரண்டு பிள்ளைகள் போதும் என்ற பலகையின்கீழ் மூன்றாவதாக நடந்துசென்ற பிள்ளைக்கு அந்த வேறுபாட்டை யார் விளக்கியிருப்பார்கள்?

நெருக்கடி நிலைக் காலத்தில் இந்தத் திட்டம் கொடிய முகம் கொண்டது. 1976-77 என்ற ஒரே ஆண்டில் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைகள் செய்யப்பட்டன. அவர்களில் பெரும்பான்மையோர் ஆண்கள். வட இந்தியாவில் கட்டாயத்திற்கு உள்ளானவர் பலர். 1977-ல் அந்த அரசு தேர்தலில் வீழ்ந்தபின் குடும்பக் கட்டுப்பாடு என்ற பெயர் குடும்ப நலம் என மாற்றப்பட்டது. அதன்பின் ஆண்களை அழைக்க அரசுகள் பெரிதும் தயங்கின. அறுவையின் சுமை ஏறக்குறைய முழுவதுமாகப் பெண்களின்மேல் விழுந்தது. இன்றுவரை அப்படியே இருக்கிறது. நம் சபையின் தாய்மாரைக் கேட்டால், இரண்டாம் பேறு முடிந்த கையோடு ஆப்பரேஷன் என்று சொல்வார்கள்.

தமிழகம் இதில் வெற்றி பெற்றது என்பதையும் நன்றியுடன் சொல்ல வேண்டும். தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, ஒரு பெண் தன் வாழ்நாளில் பெறும் பிள்ளைகளின் சராசரி எண்ணிக்கை 1992-93-ல் தமிழகத்தில் 2.5, 2019-21-ல் 1.8. பேறுகாலத்தில் இறக்கும் தாய்மார் குறைந்தனர். பெண்பிள்ளைகள் பள்ளிக்கும் கல்லூரிக்கும் சென்றனர். திருச்சபைகளும் இந்தப் பயணத்தில் விவாதித்து, தயங்கி, ஆளுக்கொரு முடிவுக்கு வந்தன. ஆங்கிலிக்கன் ஆயர்களின் லாம்பெத் மாநாடு 1930-ல் வரையறைகளோடு கருத்தடைக்கு இடங்கொடுத்தது. உரோமைத் திருச்சபை 1968-ல் திருத்தந்தை ஆறாம் பவுலின் சுற்றுமடல் வழியாகச் செயற்கைக் கருத்தடையை மறுத்தது. குடும்பத்தைத் திட்டமிடுவது சரியா தவறா என்று தீர்ப்பளிப்பது இன்று என் நோக்கமன்று. பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பொறுப்போடு எண்ணிப் பார்ப்பது அன்புக்கு விரோதமானதன்று என்றே நம்புகிறேன். எண்ணிக்கை குறைந்தபோது ஆண்பிள்ளை மீதான ஆசை கூடவே குறையவில்லை. துன்பம் அங்கேதான் தொடங்கியது.

ஐந்து பெண்ணைப் பெற்றால் அரசனும் ஆண்டி என்ற பழமொழி நம்முடையது. எட்டுப் பிள்ளை பெற்ற காலத்தில் அவர்களில் சிலர் ஆணாக இருப்பது ஏறத்தாழ உறுதி. இரண்டோடு நிறுத்த வேண்டும் என்றபோது, அந்த இரண்டில் ஒன்று ஆணாக இருந்தே தீர வேண்டும் என்ற வெறி பல வீடுகளில் புகுந்தது. உசிலம்பட்டிப் பகுதியின் பெண் சிசுக்கொலை 1980-களில் நாடறிந்த செய்தியானது. 1992-ல் தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கிற்று. அதே ஆண்டில் வந்த பெண் குழந்தைப் பாதுகாப்புத் திட்டம், ஆண் குழந்தை இல்லாத பெற்றோர் ஒன்றிரண்டு பெண் குழந்தைகளோடு நிறுத்தி அறுவைச் சிகிச்சை செய்துகொண்டால், அந்தப் பெண்களின் பெயரில் வைப்புத்தொகை செலுத்திற்று. கருவிலேயே பாலினம் அறிவதைத் தடுக்கும் சட்டம் 1994-ல் பிறந்தது. இருப்பினும், ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண்பிள்ளைகளுக்கு 1961-ல் 976 பெண்பிள்ளைகள் இருந்த இந்தியாவில், 2001-ல் 927 பேரே இருந்தனர். 2011-ல் 920-க்கும் கீழே போயிற்று.

இவை பிறக்காமலும் வாழாமலும் போனவர்களின் கணக்கு. பிறந்து, வளர்ந்து, நம் நடுவே நடமாடும் பெண்களின் கணக்கை 2018 ஜனவரியில் நடுவண் அரசின் பொருளாதார ஆய்வறிக்கை முன்வைத்தது. பெண்களுக்கு எதிரான வன்முறையைக் கண்டிக்கும் அடையாளமாக அந்த ஆண்டு அறிக்கையின் அட்டை இளஞ்சிவப்பு நிறத்தில் வந்தது. ஒரு குடும்பத்தின் கடைசிப் பிள்ளை யார் என்று அது ஆராய்ந்தது. ஆணும் பெண்ணும் ஒன்றுபோல் விரும்பப்பட்டால் கடைசிப் பிள்ளைகளிலும் இருபாலாரும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். இந்தியாவிலோ கடைசிப் பிள்ளை ஆணாக இருப்பதே மிகுதி. ஆண் பிறக்கும்வரை பெற்று, பிறந்தவுடன் நிறுத்துகிறார்கள் என்பதே அதன் பொருள். இப்படி ஆணை எதிர்பார்த்த வீட்டில் பெண்ணாகப் பிறந்த, 25 வயதுக்குட்பட்டோர் 2.1 கோடிப் பேர் என்று அந்த அறிக்கை மதிப்பிட்டது. அவர்களைக் குறிக்க அது ஆண்ட சொல், வேண்டப்படாத பெண்கள். 1951-ல் தாயைக் குற்றஞ்சாட்டிய அரசு ஏடு, 2018-ல் மகளின் காயத்தை எண்ணிக் காட்டிற்று. இதைச் சிறு மனமாற்றம் என்று நான் கருதுகிறேன்.

வேண்டாமல் பிறந்தோம் என்பது பிள்ளையின் உள்ளத்தை உண்மையிலேயே தாக்குமா, அல்லது இது போதகரின் மிகையான கவலையா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. இதற்கு விடைதேடி நெடுங்காலம் நடந்த ஓர் ஆய்வு நம் நாட்டுக்கு வெகுதொலைவில், அன்றைய செக்கோசுலோவாக்கியாவின் தலைநகரான பிராகில் நடந்தது. கருக்கலைப்புக்கு அனுமதி கேட்டு விண்ணப்பித்து, ஒரே கருவுக்காக இருமுறை மறுக்கப்பட்ட தாய்மார்க்கு 1961-63 ஆண்டுகளில் பிறந்த 220 பிள்ளைகளை உளவியலர் ஸ்டெனெக் மத்தேய்செக், ஹென்றி டேவிட் முதலானோர் தொடர்ந்து கவனித்தனர். அதே வகுப்பறைகளில் படித்த, விரும்பிப் பெறப்பட்ட 220 பிள்ளைகளை ஒப்பிடுவதற்கு எடுத்துக்கொண்டனர்.

ஒன்பது வயதில் இரு குழுவினரின் அறிவுத்திறனில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் வேண்டாமல் பிறந்த பிள்ளைகளின் மதிப்பெண்கள் அவர்களுடைய திறனுக்குக் கீழே இருந்தன. வகுப்புத் தோழர்கள் அவர்களை நண்பர்களாகத் தேர்ந்தது குறைவு. இளமைப் பருவத்தை எட்டியபோது, வாழ்விலும் உறவுகளிலும் வேலையிலும் நிறைவு குறைந்தவர்களாக அவர்களில் மிகுதியானோர் காணப்பட்டனர். அதே வேளையில் ஆறுதலான உண்மையும் அந்த ஆய்வில் உண்டு. வேறுபாடுகள் பெரும்பாலும் மிகப் பெரியவை அல்ல. அப்பிள்ளைகளில் பலர் நன்றாகவே வாழ்ந்தனர். வேண்டாம் என்று தொடங்கியது வேண்டாம் என்றே முடிய வேண்டுவதில்லை. பேற்றுக்கு முன் விரும்பாத தாய் பேற்றுக்குப் பின் நேசித்த கதைகள் ஏராளம். உங்களில் சிலர் அப்படிப்பட்ட தாய்மார் என்பதை நான் அறிவேன்; இதை வாசித்து மனம் உடைந்துபோக வேண்டாம்.

இன்னொரு நிகழ்வையும் சொல்லியாக வேண்டும். ஏழு பிள்ளைகளின் தாயான ஒரு கூலித்தொழிலாளி 1988-ல் அரியானா மாநில அரசு மருத்துவமனை ஒன்றில் கருத்தடை அறுவை செய்துகொண்டார். ஒரு பக்கத்துக் கருக்குழாய் மட்டுமே அடைக்கப்பட்டிருந்தது என்பது பின்னரே தெரிந்தது. எட்டாவதாக ஒரு பெண் குழந்தை பிறந்தது. தாய் வழக்குத் தொடுத்தார். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்றது. 2000-ஆம் ஆண்டில் தாய்க்கே நீதி கிடைத்தது; பிள்ளையை வளர்க்கும் செலவுக்காக வழங்கப்பட்ட 54,000 ரூபாய் உறுதிசெய்யப்பட்டது. அந்தத் தீர்ப்பு சரியானது என்றே எண்ணுகிறேன். ஓர் ஏழைத்தாயின் உடலில் நடந்த பிழைக்கு அரசு பொறுப்பேற்றது. ஆனால் அந்தப் பிள்ளை வழக்கு நடந்த ஆண்டுகளில் எல்லாம் வளர்ந்துகொண்டிருந்தாள். தன் பிறப்பு இழப்பாகக் கணக்கிடப்பட்டதை அவள் என்றாவது அறிந்தால், பணத்துக்காக வழக்காடியதும் தன்மேல் அன்பு வைத்ததும் ஒரே தாய்தான் என்று அவளுக்கு யாரேனும் எடுத்துச்சொல்ல வேண்டும் அல்லவா?

நீதிமன்றம் ஏறாத வழக்குகள் நம் வீடுகளில் தினமும் நடக்கின்றன. விருந்தினர் முன் சிரித்துக்கொண்டே, "இவன் கணக்குல இல்லாதவன்" என்கிறோம். "ஆப்பரேஷனுக்கு நாள் குறிச்சோம், அதுக்குள்ள இவ வந்துட்டா" என்கிறோம். "மூணாவதும் பொண்ணான்னு உங்க அப்பா ஆஸ்பத்திரிப் பக்கமே வரல" என்று பழைய கதை பேசுகிறோம். சொல்பவருக்கு அது வேடிக்கை. கேட்கும் பிள்ளையோ, தான் இந்த வீட்டில் இருப்பது ஒரு தவறின் விளைவு என்று மனத்துள் எழுதிக்கொள்கிறது. பின்பு அதை ஈடுசெய்யப் பாடுபடுகிறது. எல்லாருக்கும் முந்தி எழுந்து வேலை செய்கிறது, எதையும் கேட்டு வாங்காமல் இருக்கிறது. நாமோ அதை நல்ல குணம் என்று புகழ்கிறோம்.

வேதத்தைத் திறந்தால் இந்தக் காயம் எவ்வளவு பழையது என்று காண்கிறோம். ஆதியாகமம் 29-ஆம் அதிகாரத்தில் கணவனால் அற்பமாக எண்ணப்பட்ட லேயாள் ரூபன், சிமியோன், லேவி, யூதா என்று பெயரிடுகிறாள். இனியாவது கணவன் தன்னை நேசிப்பான், தன்னோடு சேர்ந்திருப்பான் என்ற அவளுடைய ஏக்கம் முதல் மூன்று பிள்ளைகளின் பெயர்களில் ஏறிக்கொண்டது. தாயின் துயரத்தைத் தீர்க்கும் பணியோடு அவர்கள் பிறந்தார்கள். அடுத்த அதிகாரத்தில் ஒரு மகளும் பிறக்கிறாள். தீனாள் என்று பெயர். மகன்கள் ஒவ்வொருவர் பெயருக்கும் காரணம் சொல்லப்படுகிறது. தீனாளின் பெயருக்கு மட்டும் காரணம் சொல்லப்படவில்லை. பலமுறை வாசித்தும் நான் கவனிக்காமல் கடந்துபோன இடம் அது.

35-ஆம் அதிகாரத்தில் ராகேல் பேறுகால வேதனையில் மரிக்கும்போது தன் மகனுக்குத் துக்கத்தின் மகன் என்று பொருள்படப் பெனொனி என்று பெயரிடுகிறாள். யாக்கோபு தன் நேசத்துக்குரிய மனைவியை இழந்த அந்த நேரத்திலும், பிள்ளை அந்தப் பெயரோடு வளரக் கூடாது என்று கண்டு, பென்யமீன் என்று மாற்றுகிறான். மனைவியின் துக்கம் பொய்யென்று அவன் சொல்லவில்லை. அதைப் பிள்ளையின் தலையில் வைக்க மறுத்தான். ஓசியாவின் நூலில் இரக்கம் பெறாதவள், என் ஜனமல்ல என்ற பொருளில் பெயர்பெற்ற பிள்ளைகள் உண்டு. அங்கும் தேவன் அந்த மறுப்புச் சொல்லை நீக்கிப் பேசுகிறார். எண்ணாகமம் 27-ல் ஆண்பிள்ளை இல்லாத செலோப்பியாத்தின் குமாரத்திகள் மோசேயின் முன் வந்து நிற்கிறார்கள். மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள் என்று ஐவர் பெயரையும் வேதம் ஒன்றுவிடாமல் எழுதுகிறது. ஐந்தாம் பெண்ணும் அங்கே பெயரோடுதான் நிற்கிறாள். அவர்கள் கேட்டது நியாயம் என்று கர்த்தர் தீர்ப்பளிக்கிறார். நம் பழமொழி ஆண்டியைக் கண்ட இடத்தில் வேதம் சுதந்தரவாளிகளைக் காண்கிறது.

மகாராட்டிரத்தின் சாத்தாரா மாவட்டத்தில் 2011 அக்டோபரில் ஒரு விழா நடந்தது. வேண்டாதவள் என்ற பெயரைச் சுமந்த 285 பெண்பிள்ளைகள், தாங்கள் விரும்பிய புதுப் பெயர்களையும் அவற்றுக்கான சான்றிதழையும் மாவட்ட நிர்வாகத்திடமிருந்து பெற்றார்கள். பெயர் மாறியதும் எல்லாம் மாறிவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால், ஊரறிய இட்ட பெயரை ஊரறியவே எடுக்க வேண்டும் என்பதை அந்த அதிகாரிகள் அறிந்திருந்தார்கள்.

ஆகவே பெற்றோரே, பிள்ளைகளை எத்தனையென்று எண்ணிப் பெறுங்கள். பெற்றபின் எண்ணிக் காட்டாதேயுங்கள். எதிர்பாராமல் வந்த பிள்ளைக்கு அந்த உண்மை தெரிய நேர்ந்தால், கதையின் மறுபாதியையும் சேர்த்துச் சொல்லுங்கள்: நீ வருவாயென்று நாங்கள் நினைக்கவில்லை, வந்தபின் நீ இல்லாத வீட்டை எங்களால் நினைக்க முடியவில்லை. அது உங்களுக்கு இன்னும் உண்மையாகவில்லை என்றால், உண்மையாகும்வரை ஜெபியுங்கள். அதுவரை வேடிக்கைப் பேச்சையாவது நிறுத்துங்கள். தாத்தா பாட்டிமாரே, மருமகளிடம் அடுத்தது எப்போது, அதுவாவது பையனா என்று பேத்தியின் காதுபடக் கேட்காதிருங்கள். மடியில் இருக்கும் பேத்திக்கு நீங்கள் நினைப்பதைவிட அதிகம் விளங்கும்.

அந்த மணமகளின் கதைக்கு வருகிறேன். முதல் ஞாயிறு அவள் கேட்டபடியே பெயரை மெதுவாக வாசித்தேன். வாசித்து முடித்ததும் எனக்கு வெட்கமாயிருந்தது. அவளுடைய குனிந்த தலையை நானும் இன்னும் கொஞ்சம் குனிய வைத்துவிட்டேன் என்று தோன்றியது. அன்று மாலை அவர்கள் வீட்டுக்குச் சென்றேன். தாயார் வெகுநேரம் பேசாதிருந்து, "நான் ஒருநாளும் அந்தப் பேரைச் சொல்லி அவளைக் கூப்பிட்டதில்ல ஐயா. தங்கம்னுதான் கூப்பிடுவேன்" என்றார். மகள் அடுப்படியிலிருந்தே, "தங்கம் ரேஷன் கார்டுல இல்லியேம்மா" என்றாள். தகப்பனார் ஒன்றும் சொல்லவில்லை. பள்ளியில் சேர்த்தபோது பெயரை எழுதிக் கொடுத்தவர் அவர்தான்.

அடுத்த இரண்டு ஞாயிறுகளும் அவளிடம் அனுமதி பெற்று, மற்றப் பெயர்களை வாசிக்கும் குரலிலேயே அவள் பெயரையும் வாசித்தேன். அவள் அதை அரசிதழில் மாற்றிக்கொள்ள எண்ணியிருந்தாள். திருமணம், வேலை, பேறுகாலம் என்று அது தள்ளிப்போயிற்று. இன்றும் அதே பெயர்தான் இருக்கிறது.

சென்ற ஆண்டு அவளுடைய இரண்டாவது பெண்குழந்தையை ஞானஸ்நானத்துக்குக் கொண்டுவந்தார்கள். முறைப்படி, "இந்தப் பிள்ளையின் பெயர் என்ன?" என்று கேட்டேன். பெற்றோர் வாய்திறக்கும் முன்பே, இரண்டாம் வரிசையில் நின்றிருந்த தாத்தா உரத்த குரலில் பேத்தியின் பெயரைச் சொன்னார். சபையில் சிலர் சிரித்துவிட்டார்கள். முறை தெரியாத முதியவர் என்று எண்ணியிருப்பார்கள். அவர் மகள் சிரிக்கவில்லை. திரும்பித் தகப்பனைப் பார்த்தாள். நான் குழந்தையைக் கையில் வாங்கி, அவர் சொன்ன அதே பெயரைச் சொன்னேன்.

இந்த வாரம் உங்கள் பிள்ளைகள் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்து, அந்தப் பெயரை ஏன் வைத்தீர்கள் என்று அவர்களுக்குச் சொல்லுங்கள். சொல்லத்தக்க காரணம் ஒன்றும் அன்று இல்லாதிருந்தால், இன்று ஒன்றைக் கண்டுபிடித்துச் சொல்லுங்கள். கர்ப்பத்தில் உருவாகுமுன்னே நம்மை அறிந்த தேவன் உங்கள் குடும்பங்களை ஆசீர்வதித்துக் காப்பாராக. ஆமென்.